ஜெல்லின் அடியில் கிடைத்த விடை

பயிரும் மரபும் – 14

சென்ற இதழைப் பெட்யூனியாப் பூக்களோடு நிறுத்தியிருந்தோம். 1990இல் கலிஃபோர்னியாவில் கரோலின் நபோலி, ரிச்சர்ட் ஜார்கன்சன் குழுவினர் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறமிக்குக் காரணமான மரபணுவின் இன்னொரு பிரதியைச் செடிக்குள் செலுத்தினார்கள். நிறம் கூடவில்லை. நூற்றுக்கு 42 செடிகள் வரை வெள்ளையாகவோ வெள்ளைத் திட்டுகளோடோ பூத்தன. புதிதாக வந்த மரபணுவோடு, செடியில் ஏற்கெனவே இருந்த மரபணுவும் சேர்ந்தே அடங்கிப் போயிருந்தது. அடக்கியது எது என்ற கேள்விக்கு ஒன்பது ஆண்டுகள் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதில் கிடைத்த விதத்தையும், செடிகள் குளிரைச் சமாளிக்கும் வரலாற்றுக்குள் அது வந்து சேர்ந்ததையும் இந்த இதழில் பார்ப்போம்.

இங்கிலாந்தின் நாரிச் நகரில் செயின்ஸ்பரி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே டேவிட் பால்கூமும் ஆண்ட்ரூ ஹாமில்டனும் இப்படி யோசித்தார்கள். செடிக்குள் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்கள் இருக்க, குறிப்பிட்ட ஒன்று மட்டும் தேடிப்பிடித்து அழிக்கப்படுகிறது. அப்படியானால் அடையாளம் காட்டும் ஏதோ ஒன்று கூடவே இருந்தாக வேண்டும். அது அழிக்கப்படும் ஆர்.என்.ஏ.வோடு எழுத்துக்கு எழுத்து இணைசேரக்கூடிய இன்னொரு ஆர்.என்.ஏ.வாகத்தான் இருக்க முடியும். இதே யோசனையில் பலரும் நீளமான ஆர்.என்.ஏ.வைத் தேடிக் களைத்திருந்தார்கள். இவர்கள் மிகச் சிறியதைத் தேடினார்கள்.

சிறியதைத் தேடுவதற்குக் கருவியே வேறாக இருக்க வேண்டும். வழக்கமான அகரோஸ் ஜெல்லில் ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ.க்கள் அழகாகப் பிரியும். இருபது எழுத்துத் துண்டு அடிப்பக்கமாக ஓடி வெளியேறிவிடும். தப்பித் தங்கினாலும் சிதைந்த கழிவு என்றுதான் நினைப்பார்கள். அதனால் யூரியா கலந்த அடர்த்தியான அக்ரிலமைடு ஜெல்லை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வார்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. மாதிரியோடு இரண்டு சாயங்களைக் கலந்து ஊற்றி மின்சாரம் செலுத்துவார்கள். 15 சதவீத ஜெல் என்றால், புரோமோஃபீனால் நீலம் பத்து எழுத்துத் துண்டுகளோடு முன்னே ஓடும்; சைலீன் சயனால் நாற்பது எழுத்துத் துண்டுகளோடு பின்னே வரும். தேடுவது இந்த இரண்டு நீலக் கோடுகளுக்கும் நடுவே எங்கோ இருக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஜெல்லில் இருப்பதை நைலான் சவ்வுக்கு மாற்றி, கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய இணைத் துண்டை அதில் ஒட்டவிட்டு, எக்ஸ்ரே பிலிமை மேலே வைத்து மூடி, காத்திருக்க வேண்டும். பிலிமைக் கழுவிப் பார்த்தால் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்திருக்கும்.

அந்தக் கோடு விழுந்தது. ஏறத்தாழ 25 எழுத்து நீளம். மரபணு அடங்கிப்போன செடிகளில் மட்டும் அது இருந்தது. அடங்காத செடிகளில் இல்லை. உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ் தொற்றிய செடிகளிலும் அதே அளவுத் துண்டுகள், இந்த முறை வைரஸின் எழுத்துகளைத் தாங்கியபடி கிடைத்தன. வெளியிலிருந்து வரும் வைரஸை அழிக்கச் செடி வைத்திருக்கும் அதே ஆயுதம்தான் பெட்யூனியாவில் நிறமி மரபணுவின்மேல் திரும்பியிருந்தது. 1999 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் இந்தக் கட்டுரை வந்தது.

இங்கே ஒரு மனக்குறையைப் பதிவுசெய்ய வேண்டும். 22 எழுத்துக் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றை 1993இலேயே விக்டர் ஆம்ப்ரோஸ் ஒரு சிறு புழுவில் கண்டிருந்தார். அது அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று உலகம் ஒதுக்கிவைத்தது. மரபணுக்களை அடக்கும் பொது வழிமுறைக்கும் இந்தக் குட்டி அளவுக்கும் உள்ள உறவைக் காட்டியது செடிதான். நோபல் பரிசு இந்தத் துறையை இருமுறை தேடி வந்தது: 2006இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ, 2024இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன். நால்வரும் புழுவில் வேலைசெய்தவர்கள், நால்வரும் தகுதியானவர்கள். ஆனால் 2008இல் லாஸ்கர் பரிசு ஆம்ப்ரோஸ், ருவ்குன் பெயர்களோடு பால்கூமின் பெயரையும் சேர்த்தே சொன்னது. அந்த நியாயம் ஸ்டாக்ஹோமில் நடக்கவில்லை. செடியில் கண்டுபிடித்தால் அது செடிக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

2002இல் அடுத்த கதவு திறந்தது. வைரஸும் இல்லாமல், வெளியிலிருந்து செலுத்திய மரபணுவும் இல்லாமல், செடி தன் சொந்தத் தேவைக்காகவே சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செய்துகொள்கிறது என்பது அந்த ஆண்டில் பல குழுக்களின் வேலையால் தெரியவந்தது. பிரெண்டா ரைன்ஹார்ட், போனி பார்ட்டல், டேவிட் பார்ட்டல் முதலியோர் அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் அத்தகைய 16 துண்டுகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் எட்டு, ஓர் எழுத்துகூட மாறாமல் நெல்லிலும் இருந்தன. நெல்லின் முன்னோரும் கடுகின் முன்னோரும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலம் இயற்கை ஒன்றை மாறாமல் காத்துவைத்திருக்கிறது என்றால் அது இல்லாமல் செடியால் பிழைக்க முடியாது என்று பொருள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலைசெய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரபணுவிலிருந்து முதலில் நீண்ட ஆர்.என்.ஏ. ஒன்று வரும். அது தன்மேலேயே மடங்கி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோல் நிற்கும். டைசர் வகை நொதி ஒன்று அதிலிருந்து பெரும்பாலும் 21 எழுத்துத் துண்டை வெட்டி எடுக்கும். இன்னொரு நொதி துண்டின் நுனியில் மெத்தில் ஏற்றி, சிதையாமல் காக்கும். பிறகு அந்தத் துண்டை ஆர்கோனாட் என்னும் புரதம் ஏந்திக்கொள்ளும். 21 எழுத்தும் பொருந்துகிற செய்தி ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால் ஆர்கோனாட் அதை நடுவில் வெட்டிவிடும். செய்தி போனால் புரதம் இல்லை.

இனி குளிருக்கு வருவோம். குளிரைத் தாங்கும் ஆற்றல் செடிக்குப் பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை; செடி அதைப் பழகிப் பெறுகிறது. இளங்குளிரில் பழகாத குளிர்கால ரை தானியப் பயிர் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியிலேயே செத்துவிடும். அதே பயிரை உறையாத குளிரில் கொஞ்ச நாள் விட்டுப் பழக்கினால் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை தாங்கும். ஒரே விதை, ஒரே மரபு, 25 டிகிரி வித்தியாசம். இந்தப் பழக்கத்தின் திறவுகோலை 1997, 1998 ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாமஷோ குழு பிடித்தது. சி.பி.எஃப். என்ற மரபணுக்கள் குளிர்பட்டுப் பதினைந்து நிமிடங்களுக்குள் விழித்து, குளிர்காப்பு மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. சி.பி.எஃப்.-ஐ எழுப்பும் ‘ஐஸ்1’ மரபணுவை 2003இல் ஜியான்-காங் ஜூவின் ஆய்வுக்கூடம் வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஸ்வநாதன் சின்னுசாமி.

இதெல்லாம் எழுப்பும் கதை. குளிரில் செடிக்கு நிறுத்தும் வேலையும் அதே அளவுக்கு இருக்கிறது. புதிய இலை விடும் வேலையை நிறுத்த வேண்டும். வேர் நீள்வதை நிறுத்த வேண்டும். மரபணுவை அணைத்தால் மட்டும் போதாது. வெயில் நாளில் எழுதப்பட்ட செய்தி ஆர்.என்.ஏ.க்கள் உயிரணுவுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றைத் துடைத்தாக வேண்டும். குளிரில் புரதம் செய்வதே மந்தமாகிவிடும். அந்த நேரத்தில், தான் புரதமாக மாறத் தேவையில்லாமல் வேலையில் இறங்கும் 21 எழுத்துத் துண்டைவிடப் பொருத்தமான கருவியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் முதலில் வந்த செய்தி நேர்மாறாக இருந்தது. குளிர் காலத்தில் பயிர்களில் வைரஸ் நோய் மூர்க்கமாவதையும், வெயில் ஏறினால் அறிகுறிகள் மங்கிவிடுவதையும் விவசாயிகளும் நோயியலாரும் வெகுகாலமாக அறிவார்கள். காரணம் 2003இல் ஹங்கேரியின் கோடோலோ நகர வேளாண் உயிர்த்தொழில்நுட்ப மையத்திலிருந்து வந்தது. கியோர்கி சிட்யா, யோசெஃப் பூர்கியான் முதலியோர் வைரஸ் தொற்றிய செடிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்தார்கள். 15 டிகிரியில் வைரஸை எதிர்க்கும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் கடுமையாகச் சரிந்திருந்தன. செடிகள் நோயில் சுருண்டன. வெப்பம் ஏற ஏறத் துண்டுகள் பெருகின, நோய் தணிந்தது. மரபணுவை அடக்கி உருவாக்கிய செடிகளை 15 டிகிரியில் வைத்தபோது அந்த அடக்குமுறையே கலைந்துபோயிற்று.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது அவர்கள் கூடவே கவனித்த இன்னொரு விஷயம். வைரஸை எதிர்க்கும் துண்டுகள் சரிந்த அதே குளிரில், செடியின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறையவில்லை. வெளிப்பகையை எதிர்க்கும் பிரிவு முடங்குகிறது, உள் நிர்வாகம் ஓடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே வகை நொதிகளின் கைவேலை. ஆனாலும் குளிர் இரண்டையும் ஒன்றாக நடத்தவில்லை. ‘சிறு ஆர்.என்.ஏ.க்கள் குளிரில் செடிக்கு உதவுகின்றன’ என்று மொத்தமாகச் சொல்பவர்கள் இந்த ஹங்கேரியக் கட்டுரையை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்வது நல்லது.

மறு ஆண்டே, 2004இல், அதே ஜூவின் ஆய்வுக்கூடத்திலிருந்து ரமாஞ்சுலு சுங்கர் ஒரு பட்டியலோடு வந்தார். பின்னாளில் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் இவர். அதுவரை மைக்ரோ ஆர்.என்.ஏ. தேடியவர்கள் நல்ல நிலத்தில் சுகமாக வளர்ந்த செடிகளில்தான் தேடினார்கள். சுங்கர் அராபிடாப்சிஸ் நாற்றுகளைக் காயவிட்டார், உப்பில் நிறுத்தினார், குளிரில் வைத்தார், அப்சிசிக் அமிலம் என்ற நெருக்கடி ஹார்மோனைக் கொடுத்தார். அவற்றிலிருந்து எடுத்த சிறு ஆர்.என்.ஏ.க்களைத் துண்டு துண்டாகப் படித்தார். இப்போதைய இயந்திரங்கள் இல்லாத காலம் அது. ஜெல்லில் சரியான அளவுள்ள பட்டையைக் கத்தியால் வெட்டி எடுத்து, ஆர்.என்.ஏ.வைக் கரைத்துப் பிரித்து, இரு முனையிலும் இணைப்புத் துண்டுகளை ஒட்டி, டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கி, பாக்டீரியாவுக்குள் ஏற்றி, ஒவ்வொரு காலனியாகப் பொறுக்கி வாசிக்க வேண்டும்.

26 புதிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கிடைத்தன. அவற்றில் சில நெருக்கடிக்கு ஏற்ப ஏறின, சில இறங்கின. 393 என்ற எண்ணுள்ளது குளிர், வறட்சி, உப்பு, ஹார்மோன் நான்குக்கும் வலுவாக ஏறியது. 319 குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று குளிருக்கு மட்டும் ஏறியது. மற்ற மூன்றுக்கும் அசையவில்லை.

393 வெட்டுவது டி.ஐ.ஆர்.1 என்ற புரதத்தின் செய்தியை. அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பது 2005இல்தான் உறுதியானது: வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைச் செடி உணர்வதே அதன் வழியாக. அடுத்த ஆண்டு, பாக்டீரியா தாக்கும்போதும் செடி இதே 393-ஐ உயர்த்தி ஆக்சினின் பிடியைத் தளர்த்துகிறது என்று இன்னொரு குழு காட்டியது. ஆக்சின் அதே அளவு இருந்தாலும், உணரும் புரதம் குறைந்தால் செடியின் வளர்ச்சி மந்தமாகும். மார்கழிக் குளிரில் ‘பயிர் நின்னு போச்சு’ என்று வயலில் சொல்வதை நாம் பாதிப்பாக மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த நிறுத்தத்தில் ஒரு பகுதியாவது செடி தானாகவே எடுத்த முடிவு என்று 393 யோசிக்கவைக்கிறது. உரம் போட்டு அதை அவசரமாகத் தட்டி எழுப்புவதற்கு முன் எண்ணிப்பார்க்க வேண்டிய விஷயம் இது.

319இன் வரலாறு இலையில் தொடங்குகிறது. 2003இல் ஜெர்மனியின் டியூபிங்கனில் டெட்லெஃப் வைகல், ஹவியர் பலாட்னிக் குழு விசித்திரமான ஓர் அராபிடாப்சிஸ் செடியை ஆராய்ந்தது. சாதாரணச் செடியின் இலை தட்டையாக, காகிதத்தில் ஒட்டினால் ஒட்டும். இந்தச் செடியின் இலையை அழுத்தித் தட்டையாக்கவே முடியாது. விளிம்பு முழுக்கச் சுருக்கமும் அலையும். விளிம்பில் உயிரணுக்கள் பிரிவதை உரிய நேரத்தில் நிறுத்தச் சொல்லும் டி.சி.பி. மரபணுக்களின் செய்திகளை மிகுதியாகிப்போன 319 வெட்டித் தள்ளிவிட்டது. விளிம்பு நடுப்பகுதியை மிஞ்சி வளர்ந்து, இடம் போதாமல் மடிந்தது. செடிகளில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. உறுப்பின் வடிவத்தையே ஆள்கிறது என்பதற்கு ஆரம்பகாலச் சான்று இந்தச் சுருங்கிய இலை.

இலையின் வடிவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒன்று குளிரில் ஏன் ஏற வேண்டும்? பதில் தேடியவர்கள் வேறு பயிர்களுக்குப் போனார்கள். 2012இல் பிரேசில் ஆய்வாளர்கள் கரும்பைக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் 319 ஏறியது. எல்லாம் பொருந்தி வருவதாகத் தோன்றியது. 2013இல் சீனத்திலிருந்து நெல் வந்தது. நெல்லை 12 டிகிரியிலும் 4 டிகிரியிலும் வைத்தால் 319 இறங்குகிறது. அது வெட்ட வேண்டிய செய்திகள் ஏறுகின்றன. அராபிடாப்சிஸுக்கும் கரும்புக்கும் நேரெதிர். ஆனால் அதே ஆய்வாளர்கள் நெல்லில் 319-ஐச் செயற்கையாக மிகுதியாக்கியபோது, 12 டிகிரியில் பழக்கிய பிறகு அந்த நெல் 4 டிகிரியை மற்ற நெல்லைவிட நன்றாகத் தாங்கியது. 319 குறிவைக்கும் மரபணுக்களை நேரடியாக அடக்கியபோதும் அதே பலன். அதாவது, நெல் தன்னிச்சையாகச் செய்வது ஒன்று. அதற்கு உதவக்கூடியது அதற்கு மாறான ஒன்று.

இந்த முரணை நான் குறையாகப் பார்க்கவில்லை. இந்தத் துறையில் கிடைத்த மிக நேர்மையான முடிவுகளில் இதுவும் ஒன்று. குளிரில் ஒரு மூலக்கூறு ஏறினால் அது காப்பாற்ற வந்தது, இறங்கினால் அது தொல்லை தந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வழக்கத்தை நெல் உடைத்துவிட்டது. வெப்ப நாட்டுப் பயிரான நெல்லுக்கு 4 டிகிரியைச் சமாளித்த முன்னனுபவம் எவ்வளவு இருக்க முடியும்? அந்தக் குளிரில் அதன் உயிரணுக்களுக்குள் நடப்பதெல்லாம் திட்டமிட்ட தற்காப்பு என்று எப்படிச் சொல்வது? ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கெடுப்பது தொடக்கம்தான். ஏற்றியும் இறக்கியும் பார்த்து, செடி பிழைக்கிறதா சாகிறதா என்று எண்ணிய பிறகுதான் உதவி என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

இறங்குவதே உதவியாகும் இடமும் இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் வெளிச்சம் விழும் இலையில் ஆக்சிஜனின் தீங்கான வடிவங்கள் பெருகும். குளிரும் அப்படிப்பட்ட நெருக்கடிகளில் ஒன்று. அவற்றை அடக்கும் நொதிகளில் செம்பும் துத்தநாகமும் ஏந்திய சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் முக்கியமானது. சாதாரண நாளில் 398 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்த நொதியின் செய்தியை வெட்டிக்கொண்டே இருக்கும். கடும் வெளிச்சமும் உலோக நஞ்சும் தாக்கும்போது 398 குறைகிறது, நொதி பெருகுகிறது என்று 2006இல் சுங்கர், அவனிஷ் கபூர், ஜூ மூவரும் காட்டினார்கள். 398 வெட்ட முடியாதபடி எழுத்து மாற்றிய நொதி மரபணுவைச் செடிக்குக் கொடுத்தபோது அது கூடுதலாகத் தாங்கியது.

2008 முதல் பட்டியல்கள் குவிந்தன. அராபிடாப்சிஸில் குளிருக்கு அசையும் 10, நெல்லில் 18 என்று நுண்வரிசைத் தகடுகள் எண்ணிக்கொடுத்தன. அடுத்து வந்த வாசிப்பு இயந்திரங்கள் லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே மூச்சில் படித்தன. 2014இல் தேயிலையும் பட்டியலில் சேர்ந்தது. குளிர் தாங்கும் சீன ரகம் ஒன்றையும் தாங்காத ரகம் ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட வேலை அது. நீலகிரியில் உறைபனி விழுந்த காலையில் கருகிய தேயிலைக் கொழுந்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்பீட்டின் அருமை புரியும். ஆனால் பெரும்பாலான பட்டியல்கள் பட்டியலாகவே நின்றுவிட்டன. வளர்ப்பறையில் ஒரே சீரான 4 டிகிரியில் 24 மணி நேரம் நிற்பதும், வயலில் விடியற்காலை உறைபனியில் நின்று பத்து மணிக்கு வெயிலில் காய்வதும் ஒன்றாகாது. மண்ணின் ஈரம், காற்று, அந்த வாரம் முழுக்க அடித்த குளிர் எல்லாம் சேர்ந்துதான் செடியைப் பழக்குகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு சொன்ன 319 மிகுந்த நெல்லுக்கு இலை அகன்றது, சிறு நரம்புகள் கூடின. குளிரைத் தாங்கும் வரத்தோடு இலையின் உருவமும் மாறியது. ஒரே சிறு ஆர்.என்.ஏ. பல மரபணுக்களின் செய்தியை வெட்டுவதால் இந்தப் பக்கவிளைவைத் தவிர்ப்பது எளிதில்லை. எப்போது, எந்த உறுப்பில் மட்டும் அதை ஏற்றுவது என்பதில்தான் இப்போது வேலை நடக்க வேண்டும்.

வெப்பநிலைக்கும் சிறு ஆர்.என்.ஏ.வுக்கும் உள்ள உறவு ஆய்வுக்கூடத்தை விட்டு வயலுக்கு வந்த ஒரு கதை, யாரும் அதை ஆர்.என்.ஏ. என்று அறியாத காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1973இல் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் ஷி மிங்சோங், நோங்கென் 58 என்ற நெல் ரகத்தில் வித்தியாசமான செடிகளைக் கண்டார். பகல் நீண்ட நாட்களில் அவற்றின் மகரந்தம் மலடாக இருந்தது. பகல் குறுகியபோது அவை விதை பிடித்தன. அதே மரபு வேறு நெல்லுக்குள் போனபோது பகல் நீளத்தைவிட வெப்பநிலையைக் கேட்டு நடந்தது: சூட்டில் மலடு, குளிர்ச்சியில் விதை. கலப்பின நெல் உற்பத்தியையே மாற்றியமைத்த அந்தச் செடிகளின் ரகசியத்தை 2012இல் இரண்டு சீனக் குழுக்கள் புரதமாக மாறாத ஓர் ஆர்.என்.ஏ.வில், அதன் ஒரேயோர் எழுத்து மாற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தின. இரண்டு குழுக்களும் அந்த ஆர்.என்.ஏ. வேலைசெய்யும் விதத்தில் மட்டும் உடன்படவில்லை. அந்த வழக்கை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)